கோயிலுக்கு முதுகு காட்டிய ராசா

எங்கள் ஊர்ச் சனத்துக்கு அழத் தெரிந்த அளவுக்கு வேறொன்றும் தெரியாது. பெருநாள் கூத்தில் ராசகுமாரியின் கழுத்துக்கு மேலே வாள் உயர்ந்ததும் ஆண்கள் தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொள்வார்கள். பெண்கள் மார்பில் அடித்துக்கொள்வார்கள். கைக்குழந்தைகள் என்ன ஏதென்று தெரியாமல் வீரிடும். அந்த அழுகையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. இவ்வளவு கண்ணீரையும் வைத்துக்கொண்டு இந்தச் சனம் உருப்படியாக என்ன செய்தது என்று கேட்க வேண்டும் போலிருக்கிறது. கேட்க வேண்டியவர்களில் பாதிப்பேர் இப்போது சேமக்காலையில் மண்ணுக்குள் படுத்திருக்கிறார்கள்.

ஊர் மன்னார்த் தீவின் தென்கரையில், தாழ்வுபாட்டிலிருந்து நடந்து போய்விடக்கூடிய தூரத்தில் இருந்தது. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கூத்துப் போடுவதென்றால் அரசாங்கக் கச்சேரியில் உத்தரவு வாங்க வேண்டும். அந்த மரியாதைக்காகத் துரைக்கென்று முன்னால் ஒரு கதிரை போட்டு வெள்ளைச் சீலை விரித்து வைப்பார்கள். துரை ஒருமுறையும் வந்ததில்லை. அவருக்குப் பதிலாக வரும் கிளாக்கர் அந்தக் கதிரையில் சாய்ந்து நன்றாக நித்திரை கொண்டுவிட்டுப் போவார். கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில், நாலு பக்கமும் திறந்ததாக மேடை கட்டுவார்கள். கோயில் வாசலில் எங்கள் புனிதையின் சிலையை, சுருவம் என்போம், அது இருக்கும் கூட்டோடு கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். கூத்து அவளுக்குச் செய்யும் நேர்த்திக்கடன். சனம் பார்க்கலாம், ஆடுவது அவளுக்கு. அதனால் முக்கியமான பாட்டையெல்லாம் கோயில் பக்கம் பார்த்துத்தான் பாட வேண்டும்.

கதை அந்தப் புனிதையின் கதைதான். ஒரு ராசா. அவருக்குத் தாயில்லாத ஒரே மகள். தோளில் தூக்கி வளர்க்கிறார். அவள் பெரியவளாகி, தகப்பனுக்குத் தெரியாமல் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்துவிடுகிறாள். விட்டுவிடு என்கிறார், மாட்டேன் என்கிறாள். மந்திரியும் சேனாதிபதியும் ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்துகொண்டு மானம் போகிறது, மானம் போகிறது என்று ராசாவின் காதில் ஓதுகிறார்கள். அவர் வெட்டச் சொல்லிவிடுகிறார். வெட்டி முடிந்த பிறகு அவருக்குக் கண் திறக்கிறது. விழுந்து புலம்புகிறார். பிறகு மங்களம் பாடிவிட்டு எல்லோரும் கஞ்சி குடிக்கப் போய்விடுவார்கள்.

கூத்துப் பழக்கிய அண்ணாவியார் வெற்றிலை போட்டுப் போட்டுப் பல் கறுத்த மனிதர். ராசாவுக்கு ஆள் பிடிப்பதில் அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. உரத்துக் கத்துகிறவன், மீசை முறுக்குகிறவன் அவருக்கு வேண்டாம்.

“பிள்ளையைக் கொஞ்சத் தெரியாதவன் எனக்கு ராசாவுக்கு உதவான்,” என்பார்.

முதலில் நன்றாகக் கொஞ்ச வேண்டுமாம். அப்போதுதான் வெட்டும்போது சனத்துக்கு வயிற்றைப் பிசையுமாம். பொல்லாதவன் வெட்டினால் அது வெறும் கொலை, ஆசையாக வளர்த்தவன் வெட்டினால்தான் கூத்து என்பது அவருடைய கட்சி. ராசாவுக்குக் கண் திறக்கத்தான் வேண்டும்; ஆனால் காரியம் கைமீறிப் போன பிறகு திறக்க வேண்டும். கொஞ்சம் முந்தித் திறந்துவிட்டாலும் சனம் அழாமல் வீட்டுக்குப் போய்விடும் என்று ஒத்திகையில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த வருசம் அவர் அப்பாவைப் பிடித்தார்.

அப்பாவைவிடக் கொஞ்சத் தெரிந்த ஆள் ஊரில் கிடையாது. வலைக்குப் போய் வந்து அலுத்துக் கிடக்கும்போதும் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு கடற்கரையைச் சுற்றி வருவார். ராசகுமாரியாக ஆடியவர் அம்மாவின் தம்பி. அவர் ஆசையாக வளர்த்த மீசையை எடுக்கச் சொன்னதற்கு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். ஒத்திகையில் அப்பா அவரைத் தோளோடு அணைத்துக் கொஞ்சும்போது, அந்த முள்ளுத் தாடையைப் பார்த்து நாங்கள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தோம். பெரியவர்கள் சிரிக்கவில்லை. அப்போதே அவர்களுக்குக் கண் கலங்கத் தொடங்கிவிட்டது.

எனக்கு வந்த ஆத்திரம் அதற்குப் பிறகுதான். எங்கள் ஊரில் ராசா வேசத்துக்கு ஒருவரைக் குறித்த நாள் முதல் அவர் புனிதையைக் கொல்லப் போகிறவர். கோயிலில் கடைசி வரிசையில்தான் நிற்க வேண்டும். கூடு தூக்கக் கை வைக்கக் கூடாது. பூசையில் சுவாமியார் கொடுக்கும் நன்மையை எடுக்கக் கூடாது. பெருநாள் காலையில், மேடையில், சுருவத்தைப் பார்த்து முழங்காலில் நின்று புலம்பல் பாட்டைப் பாடி முடித்தால் மட்டும் புனிதை மன்னித்ததாகக் கணக்கு. அதற்குப் பிறகு அவர் மற்றவர்களைப் போல ஆகிவிடுவார். சுவாமியாருக்கு இதெல்லாம் தெரியுமோ தெரியாது. கோயில் காரியங்களைப் பார்த்த மூப்பர் காத்து வந்த சட்டம் இது.

கரைவலைப் பங்கு பிரிக்கும்போது, பெற்ற பிள்ளையை வெட்டுகிறவனுக்கு மீன் எதற்கு என்று அப்பாவைப் பகிடி பண்ணினார்கள். பகிடிதான், அப்பாவும் சிரித்தார். ஆனால் கிணற்றடியில் ஒரு மனுசி உண்மையாகவே அவர் போன பாதையில் காறித் துப்பினாள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்தவள், உன்னையும் ஒருநாள் கொப்பா வெட்டுவார் என்றாள். நான் அவளுடைய கையைக் கடித்துவைத்துவிட்டு வீட்டுக்கு வந்து கத்தினேன். சேனாதிபதிதானே வெட்டுகிறான், மந்திரிதானே மூட்டிவிடுகிறான், அவர்களை ஏன் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை என்று கேட்டேன். அம்மா அரிசி புடைத்தபடி, பெருநாளோடு எல்லாம் சரியாகிவிடும், பேசாமல் இரு என்றாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒளித்துவைத்துக் கதை சொல்வது எனக்குப் பிடிக்காது. எனக்கு ஒரு மாமி இருந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் காய்ச்சலில் போன பிறகு அப்பாதான் அவளைச் சோறூட்டித் தோளில் தூக்கி வளர்த்தவர். நான் நடை பழகின காலத்தில், மறிச்சுக்கட்டியிலிருந்து கருவாடு எடுக்க வந்த ஒரு முஸ்லிம் வாலிபனை அவள் விரும்பினாள். அவனோடு போய், கலிமாச் சொல்லி, நிக்காஹ் முடித்துக்கொண்டாள். அப்பா தேடிப் போகவில்லை. இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று ஆள் விட்டுச் சொன்னார். மூப்பர் வீட்டுக்கே வந்து, மானமுள்ளவன் என்று அப்பாவின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாராம். மாமியின் பேரை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் எடுக்கவில்லை. அப்படி ஒருத்தி இருப்பதே எனக்குத் தெரியாது. இவ்வளவும் நான் பெரியவளான பிறகு அம்மாவைத் துருவித் துருவிக் கேட்டு அறிந்தவை.

தகப்பனின் சாமியை விட்டுப் போனதற்காக ஒரு பெண்ணைப் புனிதை என்று கும்பிட்ட ஊர் அது. தங்கள் சாமியை விட்டுப் போனதற்காக இன்னொருத்தியைச் செத்தவளாக்கிய ஊரும் அதுதான். இரண்டையும் ஒரே வாயால் செய்தார்கள். ஒருவருக்காவது எங்கேயாவது இடித்ததா என்றால் இல்லை.

கூத்து இரண்டு இரவு நடக்கும். கொலை இரண்டாம் இரவின் முடிவில், கிழக்கு வெளுக்கும்போதுதான். அம்மா என்னைப் பாயிலிருந்து தட்டி எழுப்பி, கொலை வரப்போகிறது, முகத்தைக் கழுவு என்றாள். மேடையில் கோமாளி வந்து சனத்தைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தான். கொலைக்கு முன்னால் ஒருமுறை சிரிக்கவைத்துவிட்டால் அழுகை நன்றாக வரும் என்பது அண்ணாவியாரின் இன்னொரு கணக்கு. நான் முகம் கழுவக் கடல் பக்கம் போனேன். அங்கே பெருநாளுக்குக் கடை போட வள்ளங்களில் வந்த மறிச்சுக்கட்டி, முசலிப் பக்கத்து முஸ்லிம்கள் தேனும் தொதல் இனிப்பும் காப்பும் பரப்பியிருந்தார்கள். ஒரு கடையின் ஓரத்தில், சீலைத் தலைப்பைத் தலையில் போட்டபடி ஒரு பெண் பாயில் இருந்தாள். நிறைமாதத்துக்குக் கிட்டிய வயிறு. என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

“உன்ர மூக்கு கொப்பாட மூக்கு,” என்றாள்.

ஒரு துண்டுத் தொதலை என் கையில் வைத்தாள். நான் தின்று முடிக்கும்வரை என் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். அப்பா நன்றாகச் சாப்பிடுகிறாரா, முந்தி இருந்த இருமல் இப்போதும் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டாள். பிறகுதான் விசயத்துக்கு வந்தாள்.

“கொப்பாட்டப் போய்ச் சொல்லு பிள்ளை. தங்கச்சி வந்திருக்கிறாள், பேறுகாலத்துக்கு வீட்ட வரட்டோ எண்டு கேக்கிறாள் எண்டு.”

முதல் பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுவதுதான் இரண்டு பகுதியாருக்கும் வழக்கம். தாய் தகப்பன் இல்லாதவளுக்குத் தமையன் வீடுதான் தாய்வீடு. நெடுங்காலம் பிள்ளையில்லாமல் இருந்து வயிற்றில் ஒன்று தங்கியதும், புருசனின் ஆட்களோடு கடல் வழியாக அவள் அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள். எனக்கு இது ஒன்றும் பிடிபடவில்லை. தங்கச்சி என்பது வழியில் போகிற பெண்ணையும் கூப்பிடுகிற சொல். பேறுகாலத்துக்கு ஏன் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும், அப்பா என்ன மருத்துவிச்சியா என்று யோசித்தபடியே ஓடினேன்.

மேடைக்குப் பக்கத்தில் ஓலையால் மறைத்த வேசக் கொட்டில். அப்பா ராசமுடியும் பதக்கமுமாக ஒரு பெட்டியின் மேல் இருந்தார். முகமெல்லாம் அரிதாரம், கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை. அண்ணாவியாரும் மூப்பரும் அங்கே நின்றார்கள். காதோடு சொல்ல வேண்டிய விசயம் இது என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? கேட்டதை அப்படியே உரத்துச் சொன்னேன். மறிச்சுக்கட்டிப் பக்கத்து ஆட்களின் கடையில் இருக்கிறாள் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அண்ணாவியார் குனிந்து தாளத்தின் கயிற்றைச் சரிபார்த்தார். மூப்பர் மட்டும் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன சொல்லப்போகிறாய் பார்ப்போம் என்கிற மாதிரியான பார்வை. அப்பா முடியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு திரும்ப எடுத்துத் தலையில் வைத்தார்.

“எனக்கு அங்க ஒருத்தரும் இல்லை எண்டு போய்ச் சொல்லு,” என்றார்.

மூப்பர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். நான் ஓடிப்போய் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவுமில்லை, அழவுமில்லை. “ஓம் பிள்ளை,” என்றாள். கூத்து முடியும்வரை பார்த்துவிட்டுப் போகலாமா என்று பக்கத்தில் நின்ற ஆளிடம் கேட்டாள். அவர்தான் அவளுடைய புருசனாக இருக்க வேண்டும். அவர் சரி என்றார். நான் அம்மாவிடம் ஓடிவிட்டேன்.

அன்றைக்கு அப்பா மகளைக் கொஞ்சினதை யாரும் மறக்க மாட்டார்கள். வெட்டச் சொல்லிக் கையை நீட்டினதையும் மறக்க மாட்டார்கள். ராசகுமாரி விழுந்தாள். ஊர் வழமைபோல வெடித்து அழுதது. கிளாக்கர்கூட விழித்துக்கொண்டார். இனிப் புலம்பல் பாட்டு. ராசா தலையிலிருந்த முடியைக் கழற்றி வைத்துவிட்டு, கோயில் பக்கம் திரும்பி, புனிதையைப் பார்த்து முழங்காலில் விழ வேண்டும். அப்பா முடியைக் கழற்றினார். கோயில் பக்கம் திரும்பினார். சுருவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெல்ல மறுபக்கம் திரும்பி, கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடலைப் பார்த்து முழங்காலில் விழுந்தார்.

“என் தோளை விட்டு இறங்கினவளே, எந்தத் திக்கில் உன்னைத் தேடுவேன்” என்று தொடங்குகிற பாட்டு அது. ஒத்திகையில் நான் எத்தனையோ முறை கேட்ட பாட்டு. அன்று கேட்டது வேறு. குரல் உடைந்து, மூச்சு முட்டி, பாட்டா பேச்சா என்று தெரியாமல் வந்தது. பிற்பாட்டுக்காரர் தடுமாறினார்கள். அண்ணாவியார் தாளத்தைப் போட்டபடியே, கோயில் பக்கம், கோயில் பக்கம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அப்பா திரும்பவில்லை. முழுப் பாட்டையும் கடலைப் பார்த்தே பாடினார்.

இங்கேதான் எனக்குப் பொறுக்க முடியாத காரியம் நடந்தது. சனத்தின் அழுகை நின்றுவிட்டது. மீசை மழித்த ஒரு ஆம்பிளை சீலை கட்டிக்கொண்டு விழுந்ததற்கு மார்பில் அடித்துக்கொண்டவர்கள், உண்மையாகவே ஒரு மனுசன் நெஞ்சு வெடித்து அழுதபோது கண்ணைத் துடைத்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். திக்கு மாறிப்போச்சு, திக்கு மாறிப்போச்சு என்று ஒரே குசுகுசுப்பு. அவர் எதற்காக அழுகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எந்தப் பக்கம் பார்த்து அழுகிறார் என்பதுதான் அவர்களுக்குப் பிரச்சினை. கடல் பக்கத்தில் இருப்பவள் யார் என்று தெரிந்த மூப்பருக்கு மட்டும் முகம் கறுத்துவிட்டது.

மங்களத்துக்கு முன்னால் அவர் மேடையில் ஏறினார். நேர்த்தி குறைப்பட்டுப் போய்விட்டது, ஊருக்கு நோய் வந்தால் யார் பொறுப்பு, இப்போதே கோயிலைப் பார்த்துத் திரும்பப் பாடு என்றார். அப்பா மாட்டேன் என்று தலையை ஆட்டினார். முடியைப் பலகையில் வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினார்.

எந்தப் பக்கம் இறங்கினார் என்று கேளுங்கள். கடல் பக்கம் இறங்கியிருந்தால் இந்தக் கதையை நான் இப்படிக் கோபத்தோடு சொல்ல வேண்டியதில்லை. ஊர்ப் பக்கம் இறங்கினார். வேசத்தோடேயே வீட்டுக்கு நடந்தார். கடல் பக்கம் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

மாமி மறிச்சுக்கட்டியிலேயே பிள்ளையைப் பெற்றாள். நல்ல காலம், தாயும் பிள்ளையும் தப்பினார்கள். அப்பாவின் சாவுக்குப் பிறகு நான் அவளைத் தேடிப் போனேன். அப்போது எனக்கே இரண்டு பிள்ளைகள். என்னைக் கண்டதும் மூக்கைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். சோறு போட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூத்துக் கதையை அவளே எடுத்தாள்.

“அண்ணா ஊருக்கு முன்னால என்னைப் பாத்து அழுதவர்,” என்றாள். “எனக்கு அது காணும்.”

அவளுக்குக் காணுமாம், போதுமாம். எனக்குக் காணாது. அன்றும் சொல்ல வாய் வரவில்லை, இன்று சொல்கிறேன். சனத்துக்கு முன்னால் முழங்காலில் விழத் தெரிந்த மனுசனுக்கு, எழும்பி அந்த மணலில் கொஞ்சத் தூரம் நடக்க ஏன் தெரியவில்லை? ராசாவாக அழுதவருக்கு அண்ணனாக ஒரு வார்த்தை சொல்ல ஏன் வரவில்லை? மேடை ராசாவுக்காவது மகள் செத்துப்போனாள், காலம் பிந்திவிட்டது. அப்பாவுக்கு ஒன்றும் பிந்தவில்லை. அவள் உயிரோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கூப்பிடு தூரத்தில் இருந்தாள். மூப்பருக்குப் பயந்தாரா, தன் வாயால் போட்ட சட்டத்துக்குப் பயந்தாரா, எனக்குத் தெரியாது. எதற்குப் பயந்தாலும் அது நியாயமில்லை. அப்பாவை நான் உயிராக நேசித்தேன். அதனால் கோபம் குறைந்துவிடவில்லை.

புலம்பல் பாட்டுக் குறைப்பட்டதால் அடுத்த பெருநாள் வரைக்கும் அவர் கடைசி வரிசையில் நிற்க வேண்டும், நன்மை எடுக்கக் கூடாது என்று கூத்து முடிந்த அன்று காலையே மூப்பர் தீர்த்துவிட்டார். அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவருக்குப் பதிலாக நான் பேசினேன். கிணற்றடியில் பெண்கள், அவனுக்குப் பேய் பிடித்துவிட்டது என்றார்கள். கள்ளுக் குடித்துவிட்டு ஏறியிருக்கிறான் என்றார்கள். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவர்களுக்கு நடுவில் போய் நின்றேன். அப்பாவின் கண்ணுக்குள் மை போய்விட்டது, கோயில் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, கண் தெரியாத மனுசனைப் போய் இப்படிப் பேசுகிறீர்களே என்று கத்தினேன். அதை நானேதான் யோசித்துக் கண்டுபிடித்தேன். எனக்கே அது உண்மை என்று நம்பிக்கை வந்துவிட்டது.

வீட்டுக்கு ஓடினேன். அப்பா வாளித் தண்ணீரில் முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. எல்லோருக்கும் நன்றாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், கண்ணுக்குள் மை போனதால்தான் இப்படி நடந்தது என்று சொல்லிவிட்டேன், சரிதானே என்று கேட்டேன். அவர் வாளியைத் தள்ளிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஓம் பிள்ளை,” என்றார். “அப்பிடியே சொல்லு.”

பெருநாள் முடியும்வரை கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் நான் அப்படியே சொல்லித் திரிந்தேன். அந்த ஒரு காலையில் அப்பா என் வாயில் கொடுத்தனுப்பிய இரண்டாவது பொய் அது என்று எனக்கு அப்போது தெரியாது.